மழைக்காலத்திலும் காயும் வெட்டுத்துணிப் போர்வை

வெட்டுத்துணியில் போர்வை தைக்க நினைக்கிறவர்கள் முதலில் நிறத்தையும் டிசைனையும் யோசிப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு தைக்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இதை அலக்கிப் போட்டால், அதாவது துவைத்துப் போட்டால், எப்போது காயும்? ஜூனில் தென்மேற்கு மழை, அது ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை என்று இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. பஞ்சோ ஸ்பாஞ்சோ உள்ளே வைத்துத் தைத்த கனமான போர்வை ஆனி, ஆடியில் நனைந்தால் மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். முதலில் வாடை வரும், அப்புறம் கரும்புள்ளி விழும். விழுந்த கரும்புள்ளி போகாது.

எங்கள் தக்கலைப் பக்கத்துக் குளிருக்கு அவ்வளவு கனம் தேவையும் இல்லை. சாரல் அடித்து, ஜன்னல் வழியாகக் காற்று வருகிற ராத்திரிக்கு நன்றாக நைந்து மென்மையான பருத்தித் துணி மூன்று அடுக்கு இருந்தால் போதும். வங்காளத்துக் காந்தா இப்படித்தான். பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடுகிற ஓட்டுத்தையலாலேயே ஒன்றாக்கிவிடுவார்கள். பஞ்சு கிடையாது. நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. ஈரமும் வெக்கையும் உள்ள நாட்டுக்கு அதுதான் சரியான முறை என்பது என் எண்ணம். அதனால் என் போர்வையும் மூன்று அடுக்குதான்: மேலே துண்டுத்துணிச் சதுரங்கள், நடுவில் பழைய எட்டு முழ வேட்டி, அடியில் பழைய காட்டன் சேலை.

அளவு 60 இஞ்சுக்கு 90 இஞ்ச், ஒற்றைக் கட்டிலுக்கானது. தைத்து முடித்த சதுரம் ஒவ்வொன்றும் 5 இஞ்ச். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18, ஆக மொத்தம் 216 சதுரம்.

துணி பொறுக்குதல்

வீட்டில் கிடைத்தது: ஆண்களின் பழைய சட்டை, லுங்கி, நைட்டி, பாவாடை. பக்கத்து டெய்லர் கடையில் சொல்லி வைத்தால் வெட்டுத்துணியை ஒரு பையில் போட்டு வைத்திருந்து தருவார்கள். ஆனால் ஜாக்கெட் வெட்டிய மிச்சம் பெரும்பாலும் முக்கோணமும் வாலுமாகத்தான் இருக்கும், அதில் 5 இஞ்ச் சதுரம் தேறுவது கஷ்டம். சட்டை நல்ல வரவு. முதுகுப் பக்கத்தில் மட்டுமே பன்னிரண்டு சதுரத்துக்குக் குறையாமல் எடுக்கலாம். கழுத்துப்பட்டை, அக்குள், முழங்கை ஆகிய இடங்கள் நைந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். டெரிகாட்டன் சட்டை பார்வைக்குப் பருத்தி மாதிரியே இருக்கும், கையிலும் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு தீக்குச்சி காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஓரத்தில் கறுப்பாகக் கெட்டி மணி நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்குள் அந்தக் கெட்டி நெருடும். இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், பருத்தி ஈரத்தை வாங்கும், பாலியஸ்டர் வாங்காது. இஸ்திரிச் சூடும் இரண்டுக்கும் ஒன்றில்லை. ஒரே போர்வையில் இரண்டையும் வைத்தால் நாலு அலக்கில் சில சதுரம் சுருங்கும், சில சதுரம் உப்பி நிற்கும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பெரும்பாலும் இந்தக் கலப்புத் துணிதான், அதைச் சந்தைப் பை தைக்க எடுத்து வைத்துவிட்டேன்.

நம்ம ஊர்த் துணிகளில் இன்னொன்று பார்க்க வேண்டும்: வாழைக்கறையும் ரப்பர் பாலும். வாழைக்கறை நிறத்தைத்தான் கெடுக்கும், அந்த இடத்தை விட்டு வெட்டினால் போதும். ரப்பர் பால் காய்ந்த இடத்தில் ஊசியே ஒட்டிக்கொண்டு வரும். பால் எடுக்கப் போகிறவர்களின் லுங்கியை முழுக்க விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வழவழப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கிற இடத்தை எல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

அடிச் சேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுப்பில் செருகுகிற இடமும், காலடியில் உரசுகிற ஓரமும் முதலில் நைகிற இடங்கள். வெளிச்சம் சல்லடையாகத் தெரிகிற பகுதியை வெட்டித் தள்ளிவிட வேண்டும். ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிட வேண்டும்.

அலக்கு, சாயம், கஞ்சி

புதுத் துணி, பழைய துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன்னால் அலக்கிவிட வேண்டும். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றிலும் சாயம் பார்க்காமல் வெட்டக் கூடாது. துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். போகிற சாயம் உப்புக்கு நிற்பதில்லை. ஒரு சிவப்புச் சதுரம் சுற்றியுள்ள எட்டுச் சதுரத்தைக் கெடுக்கும் என்பதை மனதில் வைத்து, அழகாக இருக்கிறதே என்று இரக்கப்படாமல் ஒதுக்குங்கள்.

பழைய துணியில் ஒரு தொல்லை உண்டு. மென்மையாக இருக்கிற காரணத்தாலேயே வெட்டும்போது வழுக்கிக்கொண்டு ஓடும், சதுரம் கோணும். இதற்குக் கஞ்சிதான் மருந்து. எங்கள் வீட்டில் பொங்குவது சிவப்புச் சம்பா, அந்தக் கஞ்சி வெள்ளைத் துணியில் நிறம் ஏற்றும். அதனால் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மாவைக் கரைத்து, கண்ணாடி போலத் தெளிந்து வரும்வரை காய்ச்சி, நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலந்து முக்கினேன். நிழலில் காயவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிட்டால் துணி விறைப்பாக நிற்கும், கத்திரிக்கு அடங்கும். ஆனால் இந்தக் கஞ்சியை அப்படியே விட்டு வைக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு அது சாப்பாடு, பூஞ்சைக்கும் அதுவே. போர்வை முடிந்த உடனே அலக்கிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும்.

வெட்டுதல்

டெய்லர் கணக்கில் நூல் என்பது ஒரு அளவு, இஞ்சுக்கு 8 நூல். தையல் விளிம்புக்கு நான் விடுவது 3 நூல். இறுக்கமாக நெய்த பாப்ளினுக்கு 2 நூல் போதும், ஆனால் பழைய லுங்கியும் கைத்தறியும் ஓரத்தில் பிரிந்துகொண்டே வரும். அரை இஞ்ச் விட்டாலோ மடிப்புகள் தடித்துக் கைத்தையல் ஊசி இறங்காது. ஆகவே 3 நூல். முடிந்த அளவு 5 இஞ்ச் வேண்டுமானால் வெட்டுகிற சதுரம் 5¾ இஞ்ச்.

அளவு அச்சுக்கு அட்டையை விட பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது. அட்டையின் ஓரம் சாக்கட்டி உரசி உரசித் தேய்ந்து, கடைசியில் வெட்டுகிற சதுரம் முதல் சதுரத்தை விடச் சிறிதாகிவிடும். ஃபிலிம் தேயாது, அதன் வழியே அடியில் உள்ள கட்டமும் பூவும் தெரியும். அச்சின் ஒரு பக்கம் துணியின் நேர் இழையோடு ஒத்துப்போக வேண்டும். கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய சதுரம் தைக்கும்போது இழுபடும், வரிசை அலை அலையாக வரும்.

சேலையையும் வேட்டியையும் மட்டும் கத்திரியால் வெட்டவில்லை. "மக்களே, கத்திரியைத் தூர வை. ஓரத்தில சின்னதா ஒரு வெட்டு போட்டுக் கிழி, இழையே நேரா கொண்டு போவும்" என்று பெரியம்மை சொன்னது அப்படியே பலித்தது. நேர் இழையில் கிழிந்த துணியை விட நேரான ஓரம் எந்தக் கத்திரியிலும் வராது. ஆனால் கிழித்த ஓரத்தில் இழை சுருண்டு நிற்கும், அதை இஸ்திரி போட்டு அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுக்குதல், இணைத்தல்

மொசைக் தரையைத் துடைத்து 216 சதுரத்தையும் பரப்பினேன். பூ, கோடு, கட்டம், புள்ளி என்று கலந்து கிடக்கும்போது கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும். அதற்கு எளிய வழி, அடர்த்தியான நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைப்பது. எது அடர்த்தி, எது வெளிர் என்று தடுமாற்றம் வந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஒரே சட்டைத் துணி பக்கத்தில் பக்கத்தில் வராமல் சிதறி வைக்க வேண்டும். லுங்கிக் கட்டம் எங்கே வைத்தாலும் பொருந்திப்போகிறது. பூப்போட்ட நைட்டித் துணிகள் இரண்டு சேர்ந்து வந்தால் சண்டை போடுகின்றன, நடுவில் ஒரு லுங்கித் துண்டை வைத்தால் சரியாகிவிடுகிறது.

பிறகு ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி எடுத்து, முதல் சதுரத்தில் வரிசை எண்ணை எழுதி ஊக்குக் குத்தி வைத்தேன். கால் மிஷின், 14ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்தி நூல். ஊசியிலிருந்து சரியாக 3 நூல் தள்ளி மிஷின் தகட்டில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிவிட்டால் துணியின் ஓரத்தை அதில் இடித்துக்கொண்டே ஓட்டலாம், கோடு போட வேண்டாம். இரண்டிரண்டாகச் சதுரங்களைச் சேர்க்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் நூலை வெட்டாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கொடுத்துக்கொண்டே போகலாம். நூலும் மிச்சம், ஓரத்தில் நூல் சிக்குவதும் இல்லை.

வரிசைகளை இணைக்கும்போது சதுரங்களின் மூலைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். அதற்கு இஸ்திரிதான் வழி. ஒற்றைப்படை வரிசைகளில் தையல் மடிப்பை எல்லாம் வலப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம். இரண்டு வரிசையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து விரலால் தடவினால், ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பில் முட்டி நிற்பது கையிலேயே தெரியும். அங்கே ஒரு ஊக்கு. அவ்வளவுதான், மூலை தப்பாது. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் துணி நீண்டுவிடும்.

மூன்று அடுக்கு

அடிச் சேலை ஐந்தரை மீட்டர், அகலம் 46 இஞ்ச். அதில் 95 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டு. ஒன்று முழு அகலம், இன்னொன்றிலிருந்து 19 இஞ்ச் அகலம் கிழித்து முதல் துண்டோடு சேர்த்தால் 64 இஞ்ச் கிடைக்கும், எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடக்குறைய மிச்சம் இருக்கும். மீதித் துணி ஓரப்பட்டைக்கு. எட்டு முழ வேட்டியைப் பாதியாக வெட்டி, கரைகளை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் அரை இஞ்ச் மேலும் கீழுமாக ஏற்றி வைத்துத் தட்டையாகத் தைத்தால் நடு அடுக்கு தயார். இங்கே மடிப்புத் தையல் போட்டால் படுக்கும்போது முதுகில் கயிறு மாதிரி உறுத்தும்.

சேலையை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு ஓரத்தையும் ஒட்டும் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இறுக்கி இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சேலை பின்வாங்கி, மேல் துணி சுருங்கும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் சதுரத் துணி. ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு கையாலும் நீவிவிட வேண்டும். பிறகு வெள்ளை நூலால், சாணுக்கு ஒரு வரியாக, நீளத்திலும் அகலத்திலும் பெரிய பெரிய தற்காலிகத் தையல். முட்டி வலிக்கிற வேலை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும், எனக்கு மைனி (அண்ணி) வந்து உட்கார்ந்தாள்.

ஓட்டுத்தையல்

மிஷினிலும் போடலாம். அதற்கு 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பெரிதாக்கி, போர்வையைச் சுருட்டி மிஷின் கைக்குள் விட்டு, நடுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் மூன்று அடுக்குப் பழந்துணிக்குக் கைத்தையல்தான் அழகு என்று நான் உறுதியாகச் சொல்வேன். மிஷின் தையல் துணியை இறுக்கிப் பிடித்துவிடும். கைத்தையல் போட்ட துணி உடம்பில் விழுகிற விதமே வேறு.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், அதில் மூன்று இழை. மொத்தத்துக்கு ஐந்தாறு கண்டு நூல் ஆகும். ஒரு தடவைக்கு ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுக்காதீர்கள். நீள நூல் முடிச்சு விழும், துணிக்குள் போய்ப்போய் வந்து நைந்தும் போகும். நீளவாக்கில், ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு வரி: சதுரத்தின் ஓரத்திலிருந்து 1¼ இஞ்சில் ஒன்று, 3¾ இஞ்சில் ஒன்று. அப்படியானால் போர்வை முழுக்க வரிக்கும் வரிக்கும் இடையில் இரண்டரை இஞ்ச் சீராக வரும், நீளத் தையல் மடிப்பின்மேல் ஊசி ஏற வேண்டியதும் இல்லை. குறுக்கு மடிப்புகளைக் கடக்கும்போது மட்டும் ஒரு தையல், ஒரு தையலாகக் குத்தி எடுக்க வேண்டும்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாது. தொடங்கும் இடத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளி மேல் துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, நடு அடுக்கு வழியாக ஓட்டி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை மெதுவாக இழுத்து, கடைசியில் வெடுக்கென்று ஒரு சின்ன இழுப்பு இழுத்தால் முடிச்சு மேல் துணிக்குள் புகுந்து வேட்டியில் பிடித்துக்கொள்ளும். புகும்போது லேசாக 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு இடது கை போர்வைக்கு அடியில் இருக்கட்டும். வலது கை ஊசியை இறக்க, அதன் முனை இடது கை நடுவிரலைத் தொட்ட அந்த நொடியில் மேலே திருப்ப வேண்டும். விரலைத் தொடவில்லை என்றால் ஊசி அடிச் சேலையைப் பிடிக்கவில்லை. மேலே பார்க்கத் தையல் ஒழுங்காக இருக்கும், திருப்பிப் பார்த்தால் பாதி இடத்தில் ஒன்றும் இருக்காது. மூன்று நாலு தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கலாம். தையல் ஒரு அரிசி நீளம் இருந்தால் போதும். எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதுதான் முக்கியம், சிறியதாக இருப்பது அதற்கு அடுத்தது.

இந்தக் கைப்பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்தது லேஸ் வேலை, அதைத் தொடர்ந்து எம்பிராய்டரியும் ஊர் ஊராகப் பரவியது. பெரியம்மையின் தலைமுறையில் திண்ணையில் உட்கார்ந்து ஊசி பிடிக்காத பெண்கள் குறைவு. அவர்களிடம் உட்கார்ந்து ஒரு வரி தைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், எந்த வீடியோவும் காட்டாத நெளிவு ஒன்று அந்த மணிக்கட்டில் இருக்கும். இன்னும் அவர்கள் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஓரப்பட்டை

தற்காலிகத் தையலைப் பிரித்து, ஓரத்தைச் சதுரத் துணியின் அளவுக்கு வெட்டிச் சீராக்கினேன். சேலை மிச்சத்தில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் நாலு பட்டை. கழுத்துக்கு வைப்பது போல கிராஸ் பீஸ் வேண்டாம், ஓரம் நேராக இருப்பதால் நேர் இழையே போதும். பட்டைகளைச் சேர்த்து நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, பிசிறு ஓரத்தைப் போர்வை ஓரத்தோடு வைத்து மேல் பக்கத்திலிருந்து 3 நூலில் மிஷின் தையல். மூலை வருவதற்கு 3 நூல் முன்னால் நிறுத்தி, பட்டையைச் சாய்வாக மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி மடித்து அடுத்த பக்கத்தைத் தொடர்ந்தால், பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாக மடிந்து கூராக நிற்கும். பின்பக்கத்தை ஹெம்மிங் செய்து முடித்தேன்.

அலக்குதல், காயவைத்தல்

முதல் அலக்கில் கஞ்சி எல்லாம் கரைந்து போனதும் போர்வையின் தோற்றமே மாறிவிடுகிறது. ஓட்டுத்தையல் வரிகளுக்கு நடுவே துணி லேசாகப் பொங்கிக்கொள்கிறது, கையில் எடுத்தால் தாவணி மாதிரி தளர்ந்து விழுகிறது. முறுக்கிப் பிழிய வேண்டாம். கல்மேல் மடித்து வைத்து அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். ஒரே கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல் இரண்டு கொடிக்குக் குறுக்கே விரித்துப் போட்டால் அடியிலும் காற்று போகும். ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிற நாளில் காலையில் போட்டது சாயங்காலத்துக்குள் மடித்து வைக்கிற அளவுக்குக் காய்கிறது. மழை இடைவெளியில் ஒரு நாள் வெயில் கிடைத்தாலும் காய்ந்துவிடுகிறது. பஞ்சு வைக்காததன் பலன் இதுதான்.

மடித்து வைக்கும்போது ஓரத்தையும் தையல் மடிப்பையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது, இன்னொரு தடவை கொடியில் போட வேண்டும். அலமாரியில் நாள்கணக்காகக் கிடந்தால் எடுத்து வேறு மாதிரி மடித்து வையுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும்.

மீந்த சதுரங்களில் ஒரு பத்தை, போர்வையோடு சேர்த்து அலக்கி, ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பழந்துணி என்பதால் சில சதுரங்கள் மற்றவற்றுக்கு முன்பே நைந்துபோகும். அப்போது பழையதைப் பிரிக்க வேண்டாம். புதுச் சதுரத்தின் நாலு ஓரத்தையும் 3 நூல் உள்ளே மடித்துத் தேய்த்து, நைந்ததன்மேல் வைத்து ஹெம்மிங் செய்து, ஓட்டுத்தையல் இரண்டு வரியையும் அதன்மேல் மறுபடி போட்டால் போதும். சதுரம் தேறாத துணுக்குகளை வேட்டி மிச்சத்தோடு சேர்த்து மூன்று அடுக்காகத் தைத்தால் அடுப்பிலிருந்து பானை இறக்கப் பிடிதுணி ஆகும். அதற்கும் பருத்தி மட்டும்தான், பாலியஸ்டர் கலந்தது சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.